கொத்தனார் சுவரை நக்கிப் பார்த்தார்: வெளிப்பூச்சு வேலை பார்த்தவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்

திண்ணைவாசி:
கும்பகோணம், தாத்தா கட்டிய வீடு. ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. தெருப்பக்கம் இடுப்பு உயரத்துக்கு அரித்துப் போய், கை பட்டால் மாவாகக் கொட்டும். 2019 கோடையில் பூசிவிடலாம் என்று ஒரு வயதான கொத்தனாரை வரச்சொன்னேன். அவர் டேப்பை எடுக்கவில்லை, எத்தனை சதுர அடி என்றும் கேட்கவில்லை. கரணை முனையால் கொஞ்சம் சுரண்டி உள்ளங்கையில் வாங்கினார், நுனி நாக்கில் வைத்தார். "உப்பு, தம்பி." துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார். நான் சொம்போடு திரும்புவதற்குள் இன்னும் மூன்று இடத்தில் சுரண்டி, மூன்றையும் ருசி பார்த்திருந்தார்.

"சிமெண்ட் போட்டா ஓதம் வெளியே வர வழியில்லாம மேல ஏறும். சுண்ணாம்புலதான் பூசணும். சுண்ணாம்பைத் தண்ணியில நீத்து வைக்க ஒரு மாசம் கொடுங்க, கலவைக்குக் கடுக்காய் வெல்லமெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார். எனக்கோ வீட்டில் நிச்சயதார்த்தம், இருபது நாள்தான் இருந்தது. நூறு ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டேன். வேறு ஒருவர் வந்து ஒன்பதே நாளில் சிமெண்டில் முடித்தார். சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள்.

இரண்டாவது ஐப்பசி மழைக்கு நெஞ்சு உயரத்தில் பெயிண்ட் கொப்புளித்தது. மார்கழியில் ஒரு விடியற்காலை சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், கதவு அகலத்துக்கு ஒரு பாளம் அப்படியே தெருவில் கிடக்கிறது. அதன் முதுகில் தாத்தா அடித்த நீலச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அந்தப் பெரியவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பிறகு எங்கு விசாரித்தும் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடற்காற்று:
எங்களுக்குத் திருவான்மியூர், கடற்கரையிலிருந்து இரண்டாவது தெரு. உப்பை நக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஜன்னல் கம்பியே சொல்லும். சன்ஷேடில் நீளமாக ஒரு விரிசல். ஒப்பந்தக்காரர் வந்தார், புட்டியை அப்பினார், மேலே இரண்டு கோட் பெயிண்ட். உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று நான் கேட்டேன். "அதெல்லாம் மேலோட்டமான விரிசல் சார்" என்றார். துருவுக்கு இரும்பை விடப் பல மடங்கு இடம் வேண்டும், அது காங்கிரீட்டைப் பிளந்துகொண்டுதான் வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினாலு மாதம் கழித்து சன்ஷேடில் ஒரு துண்டு பெயர்ந்து ஸ்கூட்டர் சீட்டின் மேல் விழுந்தது. பத்து நிமிடம் முன்னால்தான் என் மகள் அதில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டு போனாள். கிழிந்த சீட்டை இன்னும் மாற்றவில்லை.

கரணையும்மட்டப்பலகையும்:
திண்ணைவாசி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கதையில் குற்றவாளி சிமெண்ட் இல்லை. பாளத்தின் முதுகில் நீலம் ஒட்டியிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பழைய வெள்ளையடிப்பைச் சுரண்டாமல், கொத்தாமல், அதன் மேலேயே பூசிவிட்டுப் போயிருக்கிறார். பவுடர் மேல் எது நிற்கும்? இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். என் சொந்த வீட்டிலேயே ஒரு முறை ஏமாந்தேன், அது வேறு கதை.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ஒரு சின்னச் சுத்தியலோ ரூபாய் நாணயமோ எடுத்துச் சுவர் முழுக்கத் தட்டுங்கள். கெட்டியாகக் கேட்டால் விட்டுவிடலாம். பானையைத் தட்டின மாதிரி கேட்டால் அங்கே பூச்சு செங்கல்லை விட்டுக் கழன்றிருக்கிறது, சாக்பீஸால் வட்டம் போட்டு அந்த இடம் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் நன்றாக இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். செங்கல் தெரிந்ததும் இணைப்புக் கலவையைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, தண்ணீர் விட்டு நனைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். காய்ந்த செங்கல் கலவையில் இருக்கும் தண்ணீரைக் குடித்துவிடும். வெளிச்சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் போதும். சிமெண்ட் கூடினால் பலம் கூடும் என்பது தப்பு, விரிசல்தான் கூடும். பூச்சுக்கென்றே கல்லை நைசாக அரைத்த மணலான பி-சாண்ட் கேளுங்கள், காங்கிரீட்டுக்குப் போக மிஞ்சின கரடான எம்-சாண்டைத் தலையில் கட்டுவார்கள். இரண்டு கோட், மொத்தம் இருபது மில்லிமீட்டர். தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்காமல் விட்டால் அந்தக் கோட்டிலேயே நூல் பிடித்த மாதிரி விரிசல் விழும். குறைந்தது ஏழு நாள் தண்ணீர் அடிக்க வேண்டும். பெயிண்டுக்கு ஒரு மாதமாவது பொறுங்கள். புரட்டாசி கடைசியில் சாரம் கட்டி ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை.

மூன்றாம்மாடி:
இதை யார் கேட்டார்கள்? அவர் தன் அனுபவத்தைச் சொன்னார், நீங்கள் பாடம் எடுத்துவிட்டீர்கள். ஏழு நாள் தண்ணீர் அடி என்று எழுதுவது சுலபம். எங்கள் அடுக்ககத்தில் வாரம் இரண்டு லாரித் தண்ணீர்தான். சுவருக்கு அடித்த மூன்றாம் நாள் கீழ் வீட்டு அம்மா வாளியோடு வந்து நின்றார். "சுவத்துக்கு ஊத்துறீங்க, எங்களுக்குக் குளிக்க இல்லை" என்றார். பைப்பை நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கச் சுவரில் மட்டும் இன்று சிலந்தி வலை மாதிரி விரிசல். யாரைக் குறை சொல்ல?

சான்ஹோசேக்காரன்:
இங்கே கலிபோர்னியாவில் எங்கள் வீடு மரச்சட்டம். அதன் மேல் தார்க்காகிதம், கம்பிவலை, அதற்கு மேல் மூன்று கோட் ஸ்டக்கோ என்கிற சிமெண்ட் பூச்சு, கிட்டத்தட்ட முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. சுவர் முடியும் இடத்தில் ஓட்டை போட்ட ஒரு தகரப் பட்டை ஓடும். உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியே சொட்டுவதற்கு அதுதான் வழி. எனக்கு அது தெரியாது. பெயிண்டர் "இடைவெளி அசிங்கமாக இருக்கிறதே" என்றார், நானும் தலையாட்டினேன். சுற்றி முழுக்கச் சிலிக்கான் போட்டு அடைத்து, மேலே ரப்பர் மாதிரி தடித்த பெயிண்ட் அடித்துவிட்டார். இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு மூலையை அறுத்துத் திறந்தார்கள். மரச்சட்டத்தில் பேனா மூடியை வைத்து அழுத்தினேன், இட்லியில் இறங்குகிற மாதிரி இறங்கியது. கும்பகோணத்துப் பெரியவர் சொன்னதும் இதுவேதான், ஊர்தான் வேறு.

பனையடி:
நான் யாழ்ப்பாணம். எங்கட வீடு பழைய சுண்ணாம்புக்கல் வீடு. சண்டை முடிஞ்சு திரும்பி வந்தாப் பிறகு முன் சுவரை உரிச்சுப் பூசினம். ஷெல் துண்டு பட்ட குழிகள் எண்ணிப் பார்த்தால் முப்பத்தியாறு. மேசன் ஒவ்வொண்டாய்ச் சீமெந்து வைச்சு அடைச்சுக்கொண்டு வந்தார். யன்னலுக்குப் பக்கத்தில இருந்த ஒண்டில மட்டும் அம்மா கையை வைச்சு மறைச்சுக்கொண்டா. "இது கிடக்கட்டும்." ஏன் எண்டு அவரும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. அதைச் சுத்திப் பூசிவிட்டுப் போனார். இப்ப மழைத்தண்ணி அதுக்குள்ளாலதான் இறங்குது, உள்பக்கம் பச்சையாய்ப் பாசி. அம்மா இப்ப இல்லை. அடைக்க மனம் வரேல்லை.

கரணையும்மட்டப்பலகையும்:
பனையடி, அந்தக் குழியின் கீழ் விளிம்பில் மட்டும் வெளிப்பக்கம் சரிவாகக் கொஞ்சம் சுண்ணாம்புக் கலவை வைத்தால் தண்ணீர் தேங்காது. குழி அப்படியே இருக்கும். சிமெண்ட் வேண்டாம்.

மூன்றாம்மாடி:
இப்போது மட்டும் சிமெண்ட் வேண்டாமா?

கரணையும்மட்டப்பலகையும்:
சுண்ணாம்புக்கல் சுவருக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். சரி, திண்ணைவாசி சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி அந்த ஒன்பது நாள் மேஸ்திரியுடையது.

திண்ணைவாசி:
பாதியாவது கொடுத்தீர்களே, நன்றி. நேற்று மிச்சமிருந்த சிமெண்டையும் கொத்தி எடுக்கச் சொன்னேன். வேலை செய்கிற பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சுண்ணாம்பு வேலை தெரியுமா என்று கேட்டதற்கு, செல்போனில் பார்த்திருக்கிறேன் என்றான். அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் செங்கல்லைச் சுரண்டி நானே நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புதான். மாடியிலிருந்து என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் எதுவும் கேட்கவில்லை.