10 அடி ஹோலுக்கு 65 இஞ்சி ஸ்மார்ட் ரீவி சரிவருமோ? (விசுவமடு)

விசுவமடு_வாய்க்கால்:
வீட்டுத்திட்ட வீடு, 550 சதுர அடி, புளொக்கல் சுவர். ஹோல் 10 அடிக்கு 12 அடி. 65 இஞ்சி 4கே ரீவி எடுக்கிற யோசனை. அம்மா டிஷ்ஷில நாடகம் பாப்பா, பிள்ளையளுக்கு யூடியூப். நெட் 4ஜி ரவுட்டர். பின்னேரம் தோட்டங்களில மோட்டர் போட்டால் வோல்டேஜ் 190க்கு இறங்குது, ஸ்டெபிலைசரும் வேணுமெண்டு கடையில சொல்லினம். சுவரில மாட்டலாமோ, மேசையில வைக்கிறதோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வயரிங்_முரசுமோட்டை:
தம்பி, ஸ்டெபிலைசருக்குக் காசைக் குடுக்காதேங்கோ. ரீவியின்ர பின்பக்க ஸ்டிக்கரில 100–240 வோல்ட் எண்டு கிடந்தால் 190 அதுக்கு ஒரு பொருட்டே இல்லை. 220–240 எண்டு மட்டும் போட்டிருந்தால் அந்த மொடலை விடுங்கோ.

ரீவியை எரிக்கிறது கூடின வோல்டேஜ்தான். இஞ்ச லைன் முழுக்கத் திறந்த கம்பி. தென்னோலை விழுந்து நியூட்ரல் அறுந்தால் 230 வாற வீட்டுக்கு 400க்குக் கிட்ட ஏறலாம். லைட்டெல்லாம் திடீரெண்டு வழமையைவிடப் பளிச்செண்டு எரிஞ்சால் ஒண்டும் யோசிக்காமல் மெயினை நிப்பாட்டுங்கோ. வீட்டில ஆளில்லாத நேரத்துக்கு ஓவர்-அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர் (வோல்டேஜ் எல்லை தாண்டினால் தானாக் கரண்டை வெட்டுற கருவி) ஒண்டு போடுங்கோ. மேல் எல்லை 255, கீழ் எல்லை 170, திரும்பக் கரண்ட் விடுறதுக்கு 3 நிமிஷம்.

அடுத்தது மின்னல். சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேர இடிக்கு மெயின் போர்டில சர்ஜ் புரொடெக்டர் (திடீரெண்டு பாயிற வோல்டேஜை எர்த்துக்கு இறக்கிவிடுற கருவி) வேணும், ஆனா எர்த் சரியில்லாட்டி அது பேருக்குத்தான். ட்ரிப் சுவிச்சின்ர டெஸ்ட் பட்டனை அமத்த விழுந்தால் எர்த் நல்லம் எண்டு கனபேர் நினைக்கினம். அது பிழை. எர்த் கம்பியே இல்லாட்டிலும் அந்தப் பட்டனுக்கு ட்ரிப் விழும். வயர்மனைக் கூப்பிட்டு எர்த் ரெஸ்டரால அளக்கச் சொல்லுங்கோ, அதுவும் கோடையில, மண் காஞ்சு கிடக்கேக்க. இடி முழங்க முதல் பிளக்கோட சேத்து டிஷ் வயரையும் கழட்டிப் போடுங்கோ. பிளக்கை மட்டும் கழட்டினால் மின்னல் டிஷ் பெட்டிக்குள்ளால வந்து ரீவியின்ர எச்டிஎம்ஐயை எரிச்சுப்போடும்.

மல்லாவி_திரை:
சுவருக்குச் சுவர் 10 அடி எண்டாலும் கதிரைச் சாய்வு, ரீவித் தடிப்பு எல்லாம் போகக் கண்ணுக்கும் திரைக்கும் 8 அடிதான் மிஞ்சும். நல்ல 4கே படத்துக்கு அந்தத் தூரத்தில 65 பொருந்தும். ஆனா அம்மா பாக்கிற சாதாரண டிஷ் சனல் 576 கோட்டுப் படம். அதை 65இல இழுத்தால் முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி இருக்கும். என்ர முடிவு 55. மிச்சக் காசை நல்ல பனலில போடுங்கோ. சுவரோரம் பாயில இருந்து சரிவாப் பாக்கிற ஆக்கள் இருந்தால் ஐபிஎஸ் பனல், சரிவாப் பாத்தாலும் நிறம் மாறாது. எல்லாரும் நேர இருந்து, இரவில லைட்டை நிப்பாட்டிப் பாக்கிறதெண்டால் விஏ பனல், அதில கறுப்பு நல்ல கறுப்பா இருக்கும்.

பெட்டியில "ஸ்மார்ட்" எண்டு எழுதிக் கிடக்கிறது காணாது. கூகுள் ரீவி அனுமதியோட வாறதோ, சும்மா ஆண்ட்ராய்ட் ஏத்தினதோ எண்டு கேளுங்கோ. ரெண்டாவது வகையில படத்தைக் களவெடுக்காமல் காக்கிற வைட்வைன் பூட்டின்ர கீழ்த்தரமான எல்3தான் பெரும்பாலும் இருக்கும், அதால நெட்ஃப்ளிக்ஸ் 480 கோட்டுக்கு மேல போகாது. ரேம் 2 ஜிபிக்குக் குறையக் கூடாது.

டேட்டாதான் உங்களைப் பிடிக்கப் போகுது. நெட்ஃப்ளிக்ஸ் கணக்கில 4கே மணிக்கு 7 ஜிபி, எச்டி 3 ஜிபி, எஸ்டி 1 ஜிபி. ரவுட்டர் செட்டிங்கில ரீவிக்கு மட்டும் வேகத்தை 5 எம்பிபிஎஸ்க்கு மட்டுப்படுத்திவிட்டால் ஆப் தானாவே எச்டிக்கு இறங்கி ஓடும், பிள்ளையளோட சண்டை பிடிக்கத் தேவையில்லை.

கரண்ட் பில்லையும் பாருங்கோ. 55 இஞ்சி 100–120 வாட் இழுக்கும். நாளுக்கு 5 மணித்தியாலம் எண்டால் மாதம் 15–18 அலகு. வீட்டுப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதலாம் அலகில இருந்தே விலை மாறும்.

மாங்குளம்_மேசன்:
சுவரில மாட்ட முதல் ஒரு சின்ன ஓட்டை போட்டுப் பாருங்கோ. ஒரு இஞ்சி போனதும் ட்ரில் சட்டெண்டு உள்ளுக்க விழுந்தால் அது பொள்கல்லு (உள்ளுக்க வெறுமையான புளொக்கல்). அதில றோல் பிளக் (ஸ்குரூ இறுக்கிற பிளாஸ்ரிக் செருகி) இறுகாது, விரியிற போல்ட் ஓட்டையே உடைச்சுப்போடும். 8 மில்லிமீற்றர் மரைக்கம்பியைச் சுவருக்கு ஊடால விட்டு, வெளிப்பக்கம் 3 இஞ்சித் தகடு வச்சு நட் இறுக்குங்கோ. நாலு இடம் காணும். வெளி ஓட்டைக்குச் சிலிக்கோன் அடிக்காட்டி மாரிமழை அந்தக் கம்பி வழியா ஊறி ரீவிக்குப் பின்னால வந்து நிக்கும்.

மேசையெண்டால் முதல் காலுக்குக் காலைக் கடையில அளந்துகொண்டு வாங்கோ. பெரிய ரீவியளில கால் ரெண்டும் கரையில இருக்கும், 3 அடி மேசை காணாது. கொண்டு வரேக்க பெட்டியை நிமித்தித்தான் வைக்கோணும். லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியில படுக்கப் போட்டுக் கிரவல் ரோட்டில வந்தால் பனல் வெடிக்கும், அதுக்கு வாறன்ரியும் இல்லை.

விசுவமடு_வாய்க்கால்:
நன்றி அண்ணையவை. 55தான் எடுப்பம். கொக்காவில் கோபுரத்துச் சனல் சாதாரண அன்ரனாவில வருமோ? புது ரீவியில தேடினால் ஒண்டும் பிடிக்காதெண்டு சொல்லினம்.

மல்லாவி_திரை:
டிஜிட்டல் மட்டும் தேடினால் பிடிக்காது. தேடுற இடத்தில "அனலொக்" (பழைய ஒளிபரப்பு முறை) எண்டதைத் தெரிஞ்சு ஸ்கான் பண்ணுங்கோ. விசுவமடுவில இருந்து அன்ரனா தென்மேற்காப் பாக்கோணும்.