எஸ்விஎன்-இலிருந்து கிட்டுக்கு: 14 பேர் டீம், ரெப்போவை எங்கே வைப்பது?

எபென்_14 கேட்டது:

வணக்கம். மொரீஷியஸின் எபென் சைபர் சிட்டியில் எங்கள் டீம், டெவலப்பர்கள் 14 பேர். இன்றுவரை ஆபீஸ் ஸ்டோர் ரூமில் ஒரு பழைய மெஷினில் ஓடும் எஸ்விஎன்தான் (கோட் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் மென்பொருள்). ரெப்போ, அதாவது கோடும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியம், 6 ஜிபி. அதில் பாதிக்கு மேல் டிசைனர்கள் போட்டுவைத்த ஃபோட்டோஷாப் கோப்புகள், சில 300 எம்பி வரை வரும்.

அதே வேலையைச் செய்யும் கிட்டுக்கு (Git) மாறுவது முடிவாகிவிட்டது, எங்கே வைப்பது என்பதில்தான் இழுபறி. பாதிப் பேர் கிட் ரெப்போக்களை வைக்கும் இணையத் தளமான கிட்ஹப் என்கிறார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்பவர் கிட்லேப்பை நம்ம மெஷினிலேயே போடலாம் என்கிறார். வேலை டிக்கெட்டுகளுக்கு ஜிரா ஏற்கெனவே இருப்பதால் அதே நிறுவனத்தின் பிட்பக்கெட் போதும் என்பது மேனேஜர் கட்சி. கடலடிக் கேபிளில் கோளாறு வந்தால் வெளிநாட்டு இணைப்பு நத்தை வேகத்துக்குப் போய்விடும். புயல் காலத்தில் கரண்ட் போகும். கஸ்டமர் பிரான்சில். இதையெல்லாம் வைத்து எதை எடுப்பீர்கள், ஏன்?

மொக்கா_மணி பதில்:

விலையை முதலில் முடித்துவிடலாம், இதில் சுலபமான பகுதி அதுதான். கிட்ஹப் டீம் பிளான் தலைக்கு மாதம் 4 டாலர். 14 பேருக்கு 56 டாலர், நம்ம ரூபாயில் ஏறக்குறைய 2,500. கிட்லேப் பிரீமியம் தலைக்கு 29 டாலர், அதே 14 பேருக்கு 406. கிட்லேப் தளத்தின் இலவச பிளானில் பிரைவேட் குரூப்புக்கு 5 பேர்தான் வரம்பு, பிட்பக்கெட்டிலும் அதே 5. கிட்ஹப் இலவச பிளானில் 2020 ஏப்ரலிலிருந்து பிரைவேட் ரெப்போவுக்கும் ஆள் வரம்பு இல்லை. ஆனால் பிரைவேட் ரெப்போவில் பிராஞ்ச் (கோடின் கிளை) பாதுகாப்பு அதில் கிடைக்காது. மெயின் பிராஞ்சில் யார் வேண்டுமானாலும் ஃபோர்ஸ் புஷ் (அங்குள்ள வரலாற்றை மேலெழுதும்படி கோடை அனுப்புவது) அடிக்கலாம். 14 பேர் புழங்கும் வீட்டுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். அந்த 4 டாலர் தாழ்ப்பாளுக்கு.

பில் எகிறுவது வேறு இடத்தில். டீம் பிளானோடு மாதம் 3,000 நிமிடம், பில்டையும் சோதனைகளையும் தானாக ஓட்டும் ஆக்‌ஷன்ஸ் வரும். உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 14 பேர், ஆளுக்கு ஒரு நாளில் 4 புஷ், ஒரு பில்டுக்கு 8 நிமிடம், மாதம் 22 வேலை நாள். மொத்தம் 9,856 நிமிடம். பத்தாம் தேதிக்குள் 3,000 காலி. அதோடு ஒவ்வொரு ஜாபும் அடுத்த முழு நிமிடத்துக்கு ஏற்றிக் கணக்கிடப்படும். 10 வினாடி ஓடும் ஆறு ஜாபாகப் பிரித்து வைத்தால், ஒரு நிமிட வேலைக்கு ஆறு நிமிடம் போகும். அதனால் சின்னச் சின்ன சோதனைகளை ஒரே ஜாபில் ஸ்டெப்களாக அடுக்குங்கள். அதே பிராஞ்சில் புதிய புஷ் வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பில்டை நிறுத்தும் கன்கரன்சி செட்டிங்கைப் போடுங்கள். ரீட்மீ மட்டும் மாறினால் பில்டே ஓடாதபடி பாத் ஃபில்டர் வையுங்கள்.

அதற்கு மேலும் தேவைப்பட்டால் ஆபீஸ் லேனில் (உள் நெட்வொர்க்) சொந்த ரன்னர், அதாவது பில்டை ஓட்டும் மெஷின் ஒன்று. 8 கோர், 32 ஜிபி ரேம் மெஷின் உங்கள் அளவுக்குத் தாராளம். அதில் ஓடுவது 3,000-த்தில் கழியாது. சில வாரத்தில் அது எப்படி நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: பில்டுகள் விட்டுச்செல்லும் டாக்கர் லேயர்கள் சேர்ந்து டிஸ்க் நிரம்பும், "இடமில்லை" என்ற எரரோடு எல்லா பில்டும் சிவப்பாகும். ராத்திரி கிரானில் (நேரம் குறித்து ஓடும் வேலை), பழையதைக் கழிக்கும் டாக்கர் புரூன் ஓட வையுங்கள். பப்ளிக் ரெப்போவுக்கு மட்டும் அந்த ரன்னரைத் திறந்துவிடாதீர்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் புல் ரிக்வெஸ்டின் (தன் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) கோட் உங்கள் லேனுக்குள் ஓடும்.

கேபிள் விஷயத்தில் கிட்டே உங்களுக்குத் துணை. கமிட் (மாற்றத்தைப் பதிவது), பிராஞ்ச், லாக், டிஃப், மெர்ஜ் எதற்கும் நெட் வேண்டாம். எஸ்விஎன்-இல் கமிட்டுக்கே சர்வர் வேண்டும். சேஃப், மெட்டிஸ் போன்ற கடலடிக் கேபிள்களில் ஒன்று படுத்தால் புஷ், ஃபெட்ச் மெதுவாகும், அவ்வளவுதான். அனுப்புவது மாறிய பகுதிகள் மட்டும். உயிரை எடுப்பது முதல் குளோன், அதாவது ரெப்போவை முழுதாக இறக்குவது. கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, திரும்ப முதலிலிருந்து. 6 ஜிபி ரெப்போவில் 5 ஜிபி வந்தபின் அறுந்தால் அந்த 5 ஜிபியும் வீண்.

அதனால் என் வாக்கு: கிட்ஹப் டீம், ஆபீஸில் ஒரு லோக்கல் மிரர் (கிட்ஹப் ரெப்போவின் நகல்), ஒரு சொந்த ரன்னர். ஜிரா இருக்கிறது என்பது பிட்பக்கெட் எடுக்கக் காரணம் ஆகாது. ஜிராவோடு கிட்ஹப், கிட்லேப் இரண்டும் இணையும். டிக்கெட் எண்ணை பிராஞ்ச் பெயரில் எழுதினால் போதும்.

வக்வா_சர்வர்காரன் பதில்:

மணி சொன்ன விலைக் கணக்கு சரி. சொந்த சர்வர் என்றாலே கிட்லேப்தான் என்று உங்க ஆள் நினைக்கிறாரே, அங்கேதான் இடிக்குது.

கிட்லேப் நல்ல சாமான், ஆனா கனம். குறைந்தது 8 ஜிபி ரேம் கொடுங்க. அதுக்குக் கீழே போனா, நாலு பேர் சேர்ந்து மெர்ஜ் ரிக்வெஸ்ட் பக்கத்தைத் திறக்கும்போதே ஸ்வாப்பில் மூச்சுத் திணறும். கிட்டீ (இதுவும் சொந்த சர்வரில் போடுற கிட் மென்பொருள்தான், இலேசானது) அல்லது அதிலிருந்து 2022-ல் பிரிந்த ஃபோர்ஜேஜோ, 2 கோர் 2 ஜிபி ரேமில் 14 பேரை அலட்டிக்காம தாங்கும். அப்ரூவல் இல்லாம மெர்ஜ் ஆகக் கூடாதுன்னு விதி வைக்கிறது கிட்லேப்பில் பிரீமியம் சரக்கு, கிட்டீயில் இலவசம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஒர்க்ஃப்ளோ கோப்புகள் பெரும்பாலும் அப்படியே ஓடும்.

கிட்லேப்தான் வேணும்னு நின்னா, ஒரு விஷயத்தை அவர் இன்னைக்கே செய்யணும். கிட்லேப் பேக்கப் கட்டளை ரெப்போவையும் டேட்டாபேசையும் எடுக்கும். 'ஈடிசி' ஃபோல்டருக்குள் 'கிட்லேப்' என்ற ஃபோல்டரில் இருக்கிற செட்டிங் கோப்பையும் சீக்ரெட்ஸ் ஜேசான் கோப்பையும் எடுக்காது. அந்த சீக்ரெட்ஸ் கோப்பு இல்லாம ரீஸ்டோர் பண்ணினா கோட் வந்துரும். ஆனா சிஐ (தானியங்கி பில்ட்) வேரியபிள் எதையும் படிக்க முடியாது, இரண்டடுக்கு லாகின் போட்டவங்க உள்ளே நுழைய முடியாது. அதைத் தனியா, வேற இடத்தில் வைங்க. அடுத்தது, ரீஸ்டோர் பண்ற மெஷினில் அச்சு அசல் அதே வெர்ஷன், அதே எடிஷன் இருக்கணும். வெர்ஷன் எண்ணை பேக்கப் கோப்போட பெயரிலேயே அது எழுதி வைக்கும், பாருங்க.

பேக்கப் ஓடுதுன்னு நம்பிட்டு இருக்கிறது போதாது. 2017 ஜனவரி 31 அன்னைக்கு கிட்லேப் தளத்திலேயே தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சுட்டாங்க. அஞ்சு வகை பேக்கப் ஏற்பாடு வச்சிருந்தும் எதுவும் ஒழுங்கா கைகொடுக்கலை. தற்செயலா ஆறு மணி நேரம் முன்னாடி கையால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வெறும் மெஷினில் ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க.

சர்வரை ஸ்டோர் ரூமில் வைக்கவே வைக்காதீங்க. கிளாஸ் 3 புயல் எச்சரிக்கை அறிவிச்சதும் ஆபீஸ் காலி, யுபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும், பிறகு திடீர்னு அணையும். அந்த நேரத்தில் யாராவது வீட்டிலிருந்து புஷ் பண்ணிட்டு இருந்தா, கரண்ட் வந்தபிறகு "ஆப்ஜெக்ட் ஃபைல் இஸ் எம்ப்டி"ன்னு ஒரு எரர் நிக்கும். பூஜ்ஜியம் பைட்டில் கிடக்கிற அந்த ஆப்ஜெக்ட் கோப்புகளை ரெப்போவிலிருந்து நகர்த்துங்க, கிட் எஃப்எஸ்சிகே ஓட்டி எது விட்டுப்போச்சுன்னு பாருங்க, யாரோட லேப்டாப்பில் அந்த கமிட் இருக்கோ அங்கிருந்து மறுபடி எடுங்க. கிட் 2.36 அல்லது அதுக்கு மேல, எழுதினதை உடனே டிஸ்க்கில் பதிய வைக்கிற கோர் எஃப்சிங்க் செட்டிங்கை 'ஆல்'னு வச்சா இது ரொம்பக் குறையும். புஷ் கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. யுபிஎஸ் பேட்டரி இறங்கும்போது மெஷினைத் தானா ஷட் டவுன் பண்ற யுஎஸ்பி கேபிள் பெரும்பாலும் பெட்டியோடவே வரும். பாதி ஆபீஸில் அது பிரிக்காமலே கிடக்கும்.

டேட்டா சென்டரில் ஒரு விஎம் (மெய்நிகர் மெஷின்) எடுத்து அதில் ஃபோர்ஜேஜோ, பக்கத்தில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். என் வாக்கு இது. மாசம் நாலு மணி நேரமாவது ஒருத்தர் அப்டேட்டுக்கு ஒதுக்கணும். அந்த ஆள் இல்லைன்னா மணி சொன்னதையே செய்ங்க.

பழைய_எஸ்விஎன் பதில்:

மேடை எதுவாக இருந்தாலும் நீங்கள் முதலில் முட்டிக்கொள்ளப் போவது அந்த 300 எம்பி கோப்புகளோடு. கிட்ஹப்பில் 50 எம்பிக்கு மேல் எச்சரிக்கை வரும், 100 எம்பிக்கு மேல் புஷ் மறுக்கப்படும். கோப்பை இன்று அழித்துவிட்டு கமிட் போட்டாலும் மறுக்கும்; 2016-இல் யாரோ போட்ட பதிப்பு வரலாற்றில் இருக்கிறதே.

வரிசையாகச் செய்யுங்கள். எஸ்விஎன் சர்வர் மெஷினிலேயே, வரலாற்றை கிட்டுக்கு மாற்றும் கிட்-எஸ்விஎன் குளோனை, ஃபைல் முகவரி கொடுத்து ஓட்டுங்கள். அது ரிவிஷன் ஒவ்வொன்றாக எடுப்பதால், நெட்வொர்க் வழியாகப் போனால் நாள்கணக்கில் இழுக்கும். முன்னதாக ஆத்தர்ஸ் கோப்பு தயாராக இருக்க வேண்டும்: எஸ்விஎன் பெயர், சமக்குறி, முழுப்பெயர், மெயில். வேலையை விட்டுப் போனவர்களையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு பெயர் விடுபட்டாலும் அந்த ரிவிஷனில் அப்படியே நின்றுவிடும். பெயரைச் சேர்த்துவிட்டு ஃபெட்ச் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எஸ்விஎன் டேகுகள் (வெளியீட்டுக் குறிகள்) ரிமோட் பிராஞ்சாக வந்து உட்காரும், அவற்றை நிஜ டேகாக மாற்ற வேண்டும். காலி ஃபோல்டர்கள் வராது. பில்ட் ஸ்கிரிப்ட் 'லாக்ஸ்' மாதிரி ஒரு காலி ஃபோல்டரை எதிர்பார்த்தால் அங்கேயே விழும்.

பிறகு, பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ்-இன் மைக்ரேட் இம்போர்ட்டை, எல்லா பிராஞ்சுக்கும், 50 எம்பிக்கு மேல் என்று வரம்பு கொடுத்து ஓட்டுங்கள். வரலாறு முழுக்க அந்தக் கோப்புகள் இருந்த இடத்தில் மூன்று வரிச் சீட்டு ஒன்று உட்காரும்: எல்எஃப்எஸ் வெர்ஷன், ஷா-256 எண், அளவு. கமிட் எண்கள் எல்லாம் மாறும், ஆகவே யாரும் குளோன் எடுக்கும் முன்பே செய்து முடிக்க வேண்டும். ஃபோட்டோஷாப் கோப்புகளை மெர்ஜ் செய்ய வழியில்லை என்பதால் அட்ரிபியூட்ஸ் கோப்பில் அவற்றை 'லாக்கபிள்' (பூட்டக்கூடியவை) ஆக்குங்கள். பூட்டு எடுக்காத டிசைனருக்குக் கோப்பு எழுத முடியாத நிலையில் திறக்கும். எஸ்விஎன் பழகியவர்களுக்கு இது பிடித்தும் போகும்.

எஸ்விஎன்-ஐ விட்டு மாறும் நாளில் அதன் ப்ரீ-கமிட் ஹூக்கில் (கமிட்டுக்கு முன் ஓடும் ஸ்கிரிப்ட்) "இனி கிட்டுக்கு வாருங்கள்" என்று எழுதி எக்ஸிட் 1 கொடுங்கள். படிக்கலாம், எழுத முடியாது. பத்து வருட வரலாறு உண்மையில் யாருக்குத் தேவை என்றும் கேட்டுப் பாருங்கள். கடைசி நிலையை மட்டும் கிட்டில் ஏற்றிவிட்டு எஸ்விஎன்-ஐ வாசிப்புக்கு விட்டுவைப்பது அரை நாள் வேலை.

எபென்_14:

மூவருக்கும் நன்றி. அப்டேட்டுக்கு என்று தனியாள் எங்களிடம் இல்லை, அதனால் கிட்ஹப் பக்கம் சாய்கிறோம். இரண்டு சந்தேகம். ரெப்போவில் 'டேட்டா' ஃபோல்டரில் கஸ்டமர் கொடுத்த டேட்டாபேஸ் டம்ப் (நகல் கோப்பு) ஒன்றும், ஒரு கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்டும் இருக்கின்றன. அழித்தால் போதுமா? லோக்கல் மிரர் என்றால் கேபிள் இல்லாத நாளில் அதிலேயே புஷ் செய்யலாமா?

மொக்கா_மணி பதில்:

அழித்தால் போதாது. எஸ்விஎன்-இல் வரலாறு சர்வரில் மட்டும் கிடந்தது. கிட்டில் 14 லேப்டாப்பிலும் போய் உட்காரும். கிட்-எஸ்விஎன் முடிந்ததும், எல்எஃப்எஸ் வேலைக்கு முன்பே, ஃபில்டர்-ரெப்போ கருவியால் அந்த ஃபோல்டரையும் கான்ஃபிக் கோப்பையும் வரலாற்றிலிருந்தே எடுங்கள். பாஸ்வேர்டை எப்படியும் மாற்றுங்கள், அதில் பேச்சே இல்லை. டம்பில் நிஜ வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் இருந்தால் நம்ம 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிரான்ஸ் பக்கம் ஐரோப்பியத் தரவுச் சட்டமான ஜிடிபிஆரும் அதைத் தொடும். கோட் வெளிநாட்டு சர்வரில் இருப்பதைவிட அந்த டம்ப் அங்கே போவதுதான் வம்பு. கஸ்டமரோடு போட்ட ஒப்பந்தத்தில் கோட் எங்கே இருக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறதா என்பதையும் பணம் கட்டும் முன் பாருங்கள்.

மிரரில் புஷ் செய்ய முடியாது. ஃபோர்ஜேஜோவின் புல் மிரர் வாசிப்புக்கு மட்டும். தானாக விட்டால் 8 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் ஒத்திசைக்கும். 10 நிமிடம் வரை குறைக்கலாம். புது ஆள் வந்தால் மிரரிலிருந்து குளோன் எடுக்கச் சொல்லி, பிறகு ஆரிஜின் முகவரியை (புஷ், ஃபெட்ச் போகும் இடம்) கிட்ஹப்புக்கு மாற்றுங்கள். கேபிள் இல்லாத நாளுக்கு அதே மெஷினில் வேலைக் கோப்புகள் இல்லாத, வரலாறு மட்டும் உள்ள ஒரு ரெப்போ (bare) வையுங்கள், 'தீவு' என்று ஒரு ரிமோட் (அதன் முகவரி) சேர்த்து எல்லாரும் அங்கே தள்ளட்டும். இணைப்பு திரும்பியதும் ஒரே ஆள் அந்த பிராஞ்சுகளை கிட்ஹப்புக்கு ஏற்ற வேண்டும். நாலு பேர் ஏற்றினால் அன்று சாயங்காலம் கான்ஃப்ளிக்ட்தான்.

வக்வா_சர்வர்காரன் பதில்:

மிரரை பேக்கப்னு கணக்கில் எழுதிடாதீங்க. அங்கே ஒரு பிராஞ்ச் அழிஞ்சா அடுத்த பத்தாவது நிமிஷம் இங்கேயும் அழியும். ராத்திரி ஒரு கிட் பண்டில் (ரெப்போவை ஒரே கோப்பாக் கட்டுறது), எல்லா ரெஃபும் (பிராஞ்ச், டேக் மாதிரி பெயர்கள்) சேர்த்து, தேதி போட்ட பெயரில். பண்டிலுக்குள் எல்எஃப்எஸ் கோப்புகள் வராது. அதுக்கு முன்னாடி கிட் எல்எஃப்எஸ் ஃபெட்ச் ஆல் ஓட்டி, ரெப்போவுக்குள்ளே இருக்கிற எல்எஃப்எஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்க. இஷ்யூ, புல் ரிக்வெஸ்ட் பேச்சு எதுவும் கிட்டுக்குள் இல்லை, ஏபிஐ வழியா ஜேசானா இறக்கணும். விக்கி மட்டும் தனி கிட் ரெப்போ, சாதாரணமா குளோன் ஆகும்.

நாளைக்கு கிட்ஹப்பிலேயே வேற கணக்குக்கோ நிறுவனக் கணக்குக்கோ மாறும்போது மிரர் குளோன், மிரர் புஷ்னு போனா "டினை அப்டேட்டிங் எ ஹிடன் ரெஃப்"னு வரிசையா சிவப்பு விழும். பயப்பட வேண்டாம். பழைய புல் ரிக்வெஸ்ட் ரெஃபுகளை கிட்ஹப் வாங்காது, பிராஞ்சும் டேகும் போய்ச் சேர்ந்திருக்கும். சிவப்பைப் பார்க்க வேண்டாம்னா மிரருக்குப் பதிலா புஷ் ஆல், அப்புறம் புஷ் டேக்ஸ்.