ஷோரூம் ஆக்சஸரீஸ் பேக்கேஜை எடுத்தே ஆக வேண்டுமா? அவசரம்

கரூர்வாசி:
வணக்கம். புது கார் புக் செய்திருக்கிறேன். கொட்டேஷனில் ஆக்சஸரீஸ் என்று 38,000 ரூபாயைச் சேர்த்திருக்கிறார்கள். எடுக்காவிட்டால் டெலிவரி தள்ளிப்போகும் என்கிறார்கள். நாளை மீதிப் பணம் கட்ட வேண்டும். எடுக்கலாமா, வேண்டாமா?

நான்காம்கியர்:
எந்த வேரியன்ட், பேக்கேஜில் என்னென்ன இருக்கின்றன என்று எதையும் சொல்லாமல் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? பொருள்வாரியாக விலை போட்டிருக்கிறார்களா, மொத்தமாக ஒரே வரியா?

டெல்டாடிரைவர்:
எதுவாக இருந்தாலும் வயரில் கை வைக்க விடாதீர்கள். என்னைக் கேட்டால் புது வண்டியின் எல்லா வியாதிக்கும் மூலம் வெட்டி ஒட்டிய வயர்தான். ஹார்னோ பனிவிளக்கோ, வயரை வெட்டாமல் கப்ளரில் (இணைப்புச் செருகி) செருகும் வகையாக இருந்தால் சரி. வயரைச் சீவி டேப் சுற்றிவிட்டால், பின்னாளில் மின்கோளாறு என்று போய் நிற்கும்போது அந்த டேப்பையே காட்டி வாரண்டியை மறுப்பார்கள்.

பழுதுநீக்கி (மூத்த உறுப்பினர்):
இதற்குப் பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. இதை வாங்கினால்தான் அதைத் தருவேன் என்று நிபந்தனை போடுவது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கட்டுப்பாடான வணிக நடைமுறையாகும். பேக்கேஜ் கட்டாயம் என்பதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள், தர மாட்டார்கள். அதன் பிறகும் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கவே இருக்கிறது.

கரூர்வாசி:
பெட்ரோல், நடு வேரியன்ட், 6 ஏர்பேக். சீட் கவர், மேட், மட் ஃபிளாப், டோர் வைசர், கண்ணாடியில் ஒட்டும் சன் ஃபிலிம், முன்பக்கக் கம்பி கார்டு. விலை ஒரே வரிதான்.

இரட்டைக்கிளட்ச்:
6 ஏர்பேக் என்றால் சீட் கவரில் எச்சரிக்கை தேவை. பக்கவாட்டு ஏர்பேக் பெரும்பாலும் முன்சீட்டின் சாய்மான ஓரத்துக்குள்தான் இருக்கும். அந்த இடத்தில் எளிதில் பிரியும் தையல் இல்லாத கவரை இறுக்கிப் போட்டால் அது விரிவதே தடைபடலாம். கம்பி கார்டை அடியோடு மறுத்துவிடுங்கள். அதன் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

நான்காம்கியர்:
சன் ஃபிலிமும் அப்படித்தான். 2012இல் உச்ச நீதிமன்றமே கூடாது என்று சொல்லிவிட்டது.

டெல்டாடிரைவர்:
பழைய கதை. அதன் பிறகு விதி திருத்தப்பட்டது. முன், பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவினால் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் கூறியிருக்கிறது.

நான்காம்கியர்:
கரூரில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் காவலரிடம் கேரளத் தீர்ப்பை நீங்கள் வந்து வாசித்துக் காட்டுவீர்களா?

டெல்டாடிரைவர்:
விதி நாடு முழுவதற்கும் ஒன்றுதான், ஐயா.

பழுதுநீக்கி:
இருவரும் தனி இழை தொடங்கி அங்கே வாதாடலாம். கேட்டவர் நாளை பணம் கட்ட வேண்டும்.

கரூர்வாசி:
பொருள்வாரியாக விலை கேட்டதும் பேக்கேஜ் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மேட்டும் மட் ஃபிளாப்பும் மட்டும் எடுத்தேன். அனைவருக்கும் நன்றி.

இரட்டைக்கிளட்ச்:
மகிழ்ச்சி. அந்த இரண்டுக்கும் என்ன விலை போட்டார்கள், தனி ஜிஎஸ்டி பில் தந்தார்களா என்பதையும் சொல்லுங்கள். நானும் அடுத்த மாதம் வண்டி எடுக்கிறேன்.