பாய்க்கப்பல் சண்டை: புதிதாக ஆட வந்தவர்களோடு உங்கள் அனுபவம்

கொடைக்கானலிலிருந்து

மேஜைமேல் குட்டிக் கப்பல்களை நகர்த்தி, பழைய கடற்சண்டைகளை ஆடுகிற விளையாட்டு எங்களுடையது. இரண்டு வருஷமாகப் புது ஆட்களைக் கூப்பிட்டு ஆடிப் பார்த்தேன். ஒருவரும் இரண்டாம் முறை வரவில்லை. ஆளுக்கு மூன்று கப்பல், நாலு பக்க அட்டவணை, குண்டு எடை வாரியாகச் சேதக் கணக்கு என்று எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டியது என் தப்பு. போன ஜூலையில்தான் அது எனக்கு உறைத்தது.

எங்கள் விடுதிச் சாப்பாட்டு மேஜை ஆறடிக்கு நாலடி. அதன்மேல் நீலப் போர்வை விரித்தால் கடல். கப்பல்கள் 1:1200 அளவில் நானே செதுக்கியவை. 74 பீரங்கி தாங்கிய கப்பல் ஒன்றின் உடம்பு சுண்டுவிரல் நீளம்கூட வராது. பாய்க்கு டிரேசிங் பேப்பர், கயிறுக்குத் தையல் நூல். (செய்கிறவர்களுக்கு ஒன்று: மழை மாசத்தில் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஜன்னல் வழியே மஞ்சு உள்ளே வருகிற ஊரில் அது பால்போல வெளுத்துப்போகும். என்னிடம் ஆறு கப்பல் அப்படிக் கெட்டது. மாசி வெயில் வரட்டும்.)

அன்றைக்கு நாலு பேர். கல்லூரிப் பசங்கள் இரண்டு பேர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஐயா, பக்கத்து ஹோட்டலில் சமைக்கிற அண்ணன். அண்ணனுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டை. அதனால்தான் நாகப்பட்டினம் சண்டையையே எடுத்தேன். 1782 ஜூலை 6, ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் ஒரு பக்கம், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் மறுபக்கம், ஆளுக்குப் பதினோரு கப்பல். நான் பக்கத்துக்கு இரண்டாகக் குறைத்து, ஆளுக்கு ஒரு கப்பல் கொடுத்தேன். காலையில் தென்மேற்குக் காற்று. ஹியூஸுக்குத்தான் காற்று முதுகில் இருந்தது, எப்போது நெருங்குவது என்பது அவர் கையில். உச்சிவேளைக்குப் பிறகு காற்று தென்தென்கிழக்குக்குத் திரும்பி இரண்டு வரிசையும் கலைந்துபோனது. அந்தத் திருப்பத்தை ஆறாவது சுற்றுக்கென்று ஒரு கவரில் ஒட்டி வைத்திருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

பீரங்கியைப் பற்றி மற்ற மூவரும் கேட்டார்கள். அண்ணன் கேட்டது இரண்டே கேள்வி. "தம்பி, இது எந்த மாசம்? கரை எந்தப் பக்கம்?"

"ஆனிண்ணே. கரை மேற்க, உங்க இடது கை பக்கம்."

வேறு பேச்சில்லை. பிரெஞ்சுப் பக்கம் ஆடிய அண்ணன் மூன்றாவது சுற்றிலேயே சண்டையை விட்டு விலகி, தென்கிழக்கே மெல்ல மெல்லக் கப்பலை நகர்த்த ஆரம்பித்தார். "என்னண்ணே, ஓடுறீங்களா?" என்று கூட்டாளிப் பையன் முகம் சுண்டினான். அவனை இரண்டு கப்பலாகச் சேர்ந்து அடித்தார்கள். பாவம், ஒரு பாய்மரம் போயிற்று. அண்ணன் தலை நிமிரவில்லை.

ஆறாவது சுற்றில் கவரைப் பிரித்தேன். காற்றுத் திசை காட்டும் அம்பைத் திருப்பியதும், தென்கிழக்கே முகம் வைத்திருந்த ஆங்கிலேயக் கப்பல் இரண்டுக்கும் காற்று நேர் எதிரில். பாய் மரத்தோடு அறைந்து ஒட்டிக்கொண்டது, நகர முடியாது. இப்போது காற்று முதுகில் இருந்தது அண்ணனுக்கு. அவற்றின் அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, குறுக்கே வந்து, ஒரு பக்கத்துப் பீரங்கிகள் மொத்தத்தையும் விட்டார். நீளவாக்கில் நுழைகிற குண்டு கப்பல் முழுக்க உழுதுகொண்டு போகும். திருப்பிச் சுட முன்பக்கம் இரண்டே பீரங்கி.

போஸ்ட்மாஸ்டர் ஐயா எழுந்தேவிட்டார். "கவர்ல இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கவரு எதுக்குய்யா? ஆனி மாசம் காலையில கச்சான், அதான் மேல்காத்து, அடிக்கும். வெயில் ஏறினா கடக்காத்து வராம எங்க போகும்?"

அந்த நிமிஷம் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: புதியவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது காற்று, பீரங்கி அல்ல. இப்போது முதல் அரைமணி நேரம் சண்டையே கிடையாது. காற்று வருகிற திசையில் ஒரு மருந்து பாட்டிலை வைத்து, "அதைச் சுற்றிவிட்டு வாங்க" என்கிறேன். சதுரப்பாய்க் கப்பல் காற்றுக்கு எதிரே 67 டிகிரிக்குள் போகாது. நேரே போகப் பார்த்து நின்றுபோவார்கள். பிறகு அவர்களாகவே வலம் ஒரு வாட்டி, இடம் ஒரு வாட்டி என்று வளைத்துப் போகக் கண்டுபிடிப்பார்கள். திரும்பி வரும்போது இன்னொன்று: காற்று நேர் பின்னால் இருந்தால்தான் வேகம் அதிகம் என்று எல்லோருமே நினைக்கிறார்கள். ஆனால் அப்போது பின்பாய் முன்பாயை மறைத்துவிடும். பின்னால் சாய்வாக வாங்கினால்தான் எல்லாப் பாயும் நிறையும். என் மேஜையில் ஒரு சுற்றுக்குச் சாய்வுக்கு ஐந்து அங்குலம், நேர் பின்னுக்கு நாலு. இதை விரலால் நகர்த்தித் தெரிந்துகொண்டவர்களுக்குப் பீரங்கி விதியைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அன்று வந்த நாலு பேரும் அடுத்த ஞாயிறும் வந்தார்கள்.

குன்னூரிலிருந்து

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. நாங்கள் இங்கே வெலிங்டன் பக்கம் ஆடுகிறோம், பாதி நாள் கரண்ட் இல்லாமல் மெழுகுவத்தி வெளிச்சத்தில். என் அனுபவம் வேறு மாதிரி. புதியவர்கள் வந்தால், விவரம் தெரிந்தவர் ஒருவர் எல்லாருடைய கப்பலையும் தானே ஓட்டிவிடுவார். அதனால் பேசத் தடை போட்டேன். ஆளுக்கு மூன்று கலர் துணி: நெருங்கு, விலகு, என் பின்னால் வா. அந்தக் காலத்திலும் கொடிதான், அதுவும் புகை மறைக்காத வரைக்கும்தான்.

ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி, கப்பல் பாதி சிதைந்த நிலையில் கேட்டாள்: "அங்கிள், கேப்டன் கொடியை இறக்கி சரணடைஞ்சிட்டா, கூட இருக்கவங்க ஒத்துக்கணுமா?" உங்கள் நாகப்பட்டினம் சண்டையிலேயே இது நடந்திருக்கிறது. சேவேர் என்ற பிரெஞ்சுக் கப்பலின் கேப்டன் கொடியை இறக்கச் சொன்னார். அவருக்குக் கீழிருந்த அதிகாரிகள் மறுத்துத் தொடர்ந்து சுட்டார்கள், கப்பல் தப்பியது. அதைச் சொன்னதும் அவள் பகடையைக் கையில் எடுத்தாள். ஆறு விழுந்தால் சரணில்லை என்று அங்கேயே விதி போட்டோம். விழுந்தது நாலு. கொடியை அவளே கழற்றி, எதிராளி கையில் கொடுத்தாள். ரூல்புக்கில் இல்லாததைப் புது ஆட்கள் கேட்டால் தட்டிவிடாதீர்கள்.

கூடலூரிலிருந்து

நான் ஆடுகிறவன் இல்லை, மரவேலை செய்கிறவன். 1817-ல் பம்பாயில் மலபார் தேக்கில் கட்டிய ட்ரிங்கமலி கப்பல் இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. திருகோணமலையின் பெயரை வைத்த கப்பல். தேக்கு இழைப்பவனுக்கு அதில் ஆச்சரியமில்லை. எண்ணெய்ப்பசை உள்ள மரம், இரும்பாணியையும் அரிக்காது. கடையில் பழைய ஜன்னல் சட்டத்துத் துண்டுகள் கிடக்கின்றன. சுண்டுவிரல் அளவுதானே வேண்டும்? எத்தனை துண்டு அனுப்பட்டும்?

கொடைக்கானலிலிருந்து

முப்பத்து மூன்று துண்டு அனுப்புங்கள், கூலியைச் சொல்லுங்கள். அடுத்தது கடலூர் சண்டை, 1783 ஜூன் 20. ஹியூஸுக்குப் பதினெட்டு, சுஃப்ரெனுக்குப் பதினைந்து, இந்த முறை ஒன்றையும் குறைக்கப் போவதில்லை. ஐரோப்பாவில் சமாதானம் பேசி முடித்த செய்தி வந்து சேராததால் நடந்த சண்டை என்று அண்ணனிடம் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அன்னிக்கு விடியக்காலைல காத்து எங்கேருந்து தம்பி?" என்றார்.