அப்பாவின் நடைக்கணக்கு பத்திரமாக வந்து சேர்ந்தது

புது ஆப்பிள் வாட்ச் வாங்கினால் பழைய வாட்ச்சில் சேர்ந்த நடைக்கணக்கெல்லாம் போய்விடுமோ என்ற பயம் பலரைப் போல எனக்கும் இருந்தது. முதல் முறை நான் செய்தது தப்பு.

என் பழைய ஆப்பிள் வாட்ச்சைச் சித்தி பையனுக்குக் கொடுத்தேன். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் வாட்ச்சிலேயே செட்டிங்ஸ் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து போன் செய்தான்: "அண்ணா, உங்க ஐடி பாஸ்வேர்டு கேக்குது." அப்படி அழித்தால் உள்ளே இருப்பது மட்டும்தான் போகும். வேறொருவர் பயன்படுத்த முடியாமல் தடுக்கும் ஆக்டிவேஷன் லாக் நம் ஆப்பிள் கணக்கோடு கட்டப்பட்டது, அது அப்படியே நிற்கும். ஐக்ளவுட் தளத்தில் நுழைந்து அந்த வாட்ச்சை என் கணக்கிலிருந்து நீக்கிய பிறகுதான் அவனால் கட்ட முடிந்தது.

அதனால் அப்பாவுக்கு மாற்றும்போது நிதானமாகச் செய்தேன். அவருக்கு வயது 71, ஆப்பிள் வாட்ச்சில் பழைய மாடலான சீரிஸ் 3 கட்டியிருந்தார். அதற்கு வாட்ச்ஓஎஸ் 8-க்கு (வாட்ச்சை இயக்கும் மென்பொருள்) மேல் அப்டேட் கிடையாது. கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதியும் சீரிஸ் 4-இல்தான் வந்தது. விடியற்காலையில் தனியாக நடக்கப் போகிறவர் என்பதால் அந்த வசதி உள்ள ஆப்பிள் வாட்ச் எஸ்இ வாங்கினோம். அவருடைய கவலை எல்லாம் நான்கு வருட நடைக்கணக்கும் நாடித்துடிப்பும்தான். டாக்டரிடம் அதைத்தான் காட்டுவார். வாட்ச் அளப்பதெல்லாம் போனில் உள்ள ஹெல்த் ஆப்பில் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று திறந்து காட்டிய பிறகுதான் பழைய வாட்ச்சைக் கழற்றித் தந்தார். (போன் பேக்கப்பை கம்ப்யூட்டரில் வைப்பவர்கள் என்கிரிப்ட் செய்துதான் (பாஸ்வேர்டு போட்டுப் பூட்டித்தான்) எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஹெல்த் விவரங்கள் அதில் சேராது.)

வாட்ச்சையும் போனையும் பக்கத்தில் வைத்து, போனில் உள்ள வாட்ச் ஆப்பில் இரண்டின் இணைப்பையும் துண்டிக்கும் அன்பேர் கொடுத்தேன். அப்போது போன் தானாகவே ஒரு பேக்கப் எடுத்துக்கொள்கிறது, பிறகுதான் வாட்ச்சை அழிக்கிறது. லாக்கும் அதோடு நீங்கிவிடும்.

புது வாட்ச்சை இணைக்கப் போனால், முதலில் போனை அப்டேட் செய்யச் சொன்னது. எங்கள் வைஃபையில் முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய எழுத்தில் மணி காட்டும் அவருடைய முகப்பு பழையபடியே வந்து நின்றதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே!

பாஸ்கோடு மட்டும் பேக்கப்பில் வராது, புதிதாகப் போட்டோம். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு விழுதலைக் கண்டுபிடிக்கும் வசதி தானாகவே ஆன் ஆகும், ஆனால் ஹெல்த்தில் பிறந்த தேதி இருக்க வேண்டும். அப்பாவின் போனில் அந்த இடம் காலியாக இருந்தது. தேதியை நிரப்பி, வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்தேன். அவசரத் தொடர்பில் அம்மாவின் எண்ணையும் என் எண்ணையும் சேர்த்தேன். பெற்றோருக்கு வாட்ச் மாற்றித் தருகிறவர்கள் இந்த இரண்டையும் பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அப்பா என்னை எழுப்பினார். இயர்போனில் பாட்டு வரவில்லை. புளூடூத் இணைப்பும் பேக்கப்பில் வருவதில்லை. வாசலில் நின்றபடியே இணைத்துக் கொடுத்தேன், நடக்கக் கிளம்பினார்.