[கலைச்சொல்] டாங்கிளிங் பாயிண்டர்: "தொங்கும் சுட்டி" வேண்டாம், வேறு என்ன?

காரைக்குடி (கையேட்டுத் தொகுப்பு):

அனைவருக்கும் வணக்கம். அமைப்புக் கோப்பு படிக்கும் நம் சி மொழி லைப்ரரியின் கையேடு நான்காம் அத்தியாயத்தில் நிற்கிறது. நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியை வைத்திருப்பது சுட்டி (பாயிண்டர்). அந்த இடம் செல்லாமல் போன பின்னும் அதையே காட்டிக்கொண்டிருக்கும் டாங்கிளிங் பாயிண்டரை இதுவரை "தொங்கும் சுட்டி" என்று எழுதிவந்தோம். எது தொங்குகிறது, எதைப் பிடித்துத் தொங்குகிறது என்று புதிதாகப் படிக்கிற பிள்ளை கேட்டால் பதில் இல்லை. சுட்டி அப்படியேதான் இருக்கிறது. அது காட்டிய இடம்தான் கைமாறிவிட்டது.

"காலாவதிச் சுட்டி" என்று போடலாமா? மாத்திரை அட்டையில் எல்லோரும் பார்க்கிற சொல். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

தேவகோட்டை:

> "காலாவதிச் சுட்டி" என்று போடலாமா?

அண்ணே, அந்தச் சொல்லை இரண்டாம் அத்தியாயத்திலேயே செலவழித்துவிட்டோம். அடுத்த பதிப்பில் நீக்கப்போகும் பழைய செயற்கூறுகளைத்தான் (ஃபங்ஷன்களைத்தான்) "காலாவதியானவை" என்று குறித்திருக்கிறோம். அவை இன்னும் ஒழுங்காக ஓடும், கம்பைலர் ஒரு எச்சரிக்கை தரும், அவ்வளவுதான். இந்தச் சுட்டியைத் தொட்டாலோ நிரல் விழலாம். விழாமல் தப்பான விடை தந்துகொண்டும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது.

இன்னொன்று, காலாவதி என்றால் தேதிதான் நினைவுக்கு வரும். சுட்டி செல்லாமல் போவது தேதியால் அல்ல, ஏதோ ஓர் அழைப்பால். எஸ்க்யூலைட் தரவுத்தள லைப்ரரியில் ஒரு நெடுவரிசையின் உரையைக் கேட்டு வாங்கும் சுட்டி, அடுத்து ஸ்டெப் (அடுத்த வரிசைக்குப் போ), ரீசெட் (தொடக்கத்துக்குத் திரும்பு), ஃபைனலைஸ் (முடி) ஆகிய அழைப்புகளில் எது முந்துகிறதோ அதுவரை செல்லும். அதே நெடுவரிசையை யூடிஎஃப்-16 என்ற வேறு எழுத்துக்குறி வடிவில் கேட்டால் உள்ளே உருமாற்றம் நடந்து, முன்பு வாங்கிய சுட்டி அப்போதே போய்விடலாம். ஸ்டெப்பை மூன்று மணி நேரம் அழைக்காவிட்டால் மூன்று மணி நேரமும் அது நல்ல சுட்டிதான்.

இதற்கு நம்மிடம் "கெடு" இருக்கிறதே. அறுப்புவரை கெடு, ஆடி பிறக்கும்வரை கெடு என்று நிகழ்வை வைத்துத்தான் கெடு சொல்கிறோம். சுட்டி எதுவரை செல்லும் என்பது அதன் கெடு. டாங்கிளிங் பாயிண்டர், "கெடு தாண்டிய சுட்டி".

புதுவயல்:

கெடு என்றதும் கெட்டுப்போவதுதான் முதலில் காதில் விழுகிறது. "சுட்டியின் கெடு" என்பதைச் சுட்டியின் கேடு என்று படிப்பவர்களும் இருப்பார்கள். நம் பக்கத்து லேவாதேவிக் கணக்கிலேயே "தவணை" இருக்கிறது. குறித்த காலத்துக்குப் போட்டுவைக்கும் வைப்புக்கு அந்தப் பெயர். அதை எடுக்கலாமே? அல்லது செல்லாக்காசு மாதிரி "செல்லாச் சுட்டி". சின்னதாகவும் இருக்கிறது.

தேவகோட்டை:

தவணை என்றால் இன்று மாதாமாதம் கட்டுவதுதான். பழைய பேரேட்டுப் பொருள் நமக்குத் தெரியும். கோயம்புத்தூரில் கையேட்டைத் திறக்கும் பையனுக்குத் தெரியாது.

செல்லாச் சுட்டி நல்ல சொல், ஆனால் அகலம் அதிகம். எந்த இடத்தையும் காட்டாத நல் (NULL) சுட்டியும் செல்லாது, தொடக்க மதிப்பே கொடுக்காத சுட்டியும் செல்லாது. நல்லை ஒரு இஃப் போட்டுப் பிடிக்கலாம். கெடு தாண்டியதை எந்த இஃபாலும் பிடிக்க முடியாது. பார்வைக்கு ஒழுங்கான முகவரியாகத்தான் இருக்கும். அந்த வேறுபாட்டைச் சொல் காட்ட வேண்டும். செல்லாச் சுட்டியை இந்த மூன்றுக்கும் பொதுப்பெயராக வைத்துக்கொள்ளலாம்.

கானாடுகாத்தான்:

கெடு எனக்குச் சம்மதம். காரணம் மொழியை விட லைப்ரரி அமைப்பில் இருக்கிறது.

லைப்ரரி இலேசாக இருக்க வேண்டும் என்றால் கேட்கிற ஒவ்வொரு சரத்துக்கும் (எழுத்துத் தொடருக்கும்) மாலாக் போட்டு, அதாவது புது நினைவகம் எடுத்து, நகல் தர முடியாது. உள்ளே இருப்பதையே காட்டிவிடுகிறோம். அந்த மிச்சத்துக்கு விலை, அழைப்பவர் கெடுவை நினைவில் வைத்துக்கொள்வது. ஆகவே கெடு சொல்லாத செயற்கூறு பாதிதான் எழுதப்பட்டது. "திருப்பித்தரும் சுட்டியை விடுவிக்க வேண்டாம்" என்று ஹெடரில் (செயற்கூறுகளை அறிவிக்கும் கோப்பில்) ஒரு வரி போட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறோம். யார் விடுவிப்பது என்பதற்குத்தான் அது பதில். எதுவரை வைத்திருக்கலாம் என்பதற்கு இல்லை.

சாவிகளையும் அவற்றின் மதிப்புகளையும் வைக்கும் நம் அட்டவணையையே பாருங்கள். 16 இடத்தில் தொடங்கி, முக்கால் பங்கு நிரம்பிய பின் அடுத்தது வந்தால் இரட்டிப்பாகிறது. மதிப்பைக் கேட்டால் அந்த அட்டவணைக்குள்ளேயே சுட்டி தருகிறோம். 12 சாவி வரை ஒன்றும் ஆகாது. 13ஆவது நுழையும்போது அட்டவணை முழுதும் வேறு இடத்துக்குப் போகிறது. முன்பு வாங்கிய எல்லாச் சுட்டிகளுக்கும் அந்த ஒரே அழைப்பில் கெடு முடிகிறது. நம் சோதனைக் கோப்பில் 10 சாவி. எப்படிச் சிக்கும்?

எடுத்த இடத்தின் அளவை மாற்றும் ரியாலாக் இன்னும் மோசம். பக்கத்தில் இடம் இருந்தால் அதே முகவரியிலேயே நீட்டிக்கொடுக்கும். தப்பு வெளியே தெரியாது. வேறு கணினியில் நகர்த்தும், அங்கே விழும். முகவரி மாறாவிட்டாலும் பழைய சுட்டிக்குக் கெடு முடிந்ததுதான். சி தரநிலைப்படி அதன் மதிப்பை இன்னொன்றோடு ஒப்பிடக்கூடக் கூடாது. ஆகையால் "புதிய முகவரியும் பழையதும் ஒன்றா" என்று இஃப் போட்டுத் தப்பிப்பதும் தவறு.

நினைவகத் தவறு தேடும் கருவியான அட்ரஸ் சானிட்டைசர் பிடித்துவிடும் என்று இருக்காதீர்கள். கிளாங் 3.1, ஜிசிசி 4.8 கம்பைலர்கள் முதல் கூடவே வருகிறது, ஹீப்பில் (மாலாக் இடம் எடுக்கும் பகுதியில்) விடுவித்த இடத்தைத் தொட்டால் பெரும்பாலும் பிடிக்கும், ஓட்டத்தான் வேண்டும். ஆனால் லைப்ரரி ஒரே இடையகத்தில் (பஃபரில்) திரும்பத் திரும்ப எழுதினால் எதுவும் விடுவிக்கப்படவில்லையே, அது எதைப் பார்த்துக் கத்தும்? சியில் உள்ளூர் நேரம் தரும் லோக்கல்டைமும் கிரீன்விச் நேரம் தரும் ஜிஎம்டைமும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று தரநிலையே இடம் கொடுக்கிறது. அப்படிப் பகிரும் கணினியில் இரண்டையும் அழைத்துவிட்டுப் பிறகு அச்சிட்டால் உள்ளூர் நேரமும் கிரீன்விச் நேரமும் ஒன்றாகவே வரும். கெடு தாண்டிய சுட்டிதான், ஆனால் விடுவிப்பே நடக்கவில்லை. "விடுவித்தபின் தொடுதல்" என்ற சொல் இதனால்தான் போதாது. அது கெடு தாண்டலில் ஒரு வகை மட்டும்.

நான் வைக்கும் மாற்றம் இது. சோதனைக் கட்டமைப்பில் மட்டும், ஒவ்வொரு அழைப்பிலும் புது இடையகம் எடுத்துப் பழையதை உடனே விடுவிப்போம். அட்டவணையையும் ஒவ்வொரு நுழைவிலும் வலுக்கட்டாயமாக நகர்த்துவோம். வேகம் குறையும், குறையட்டும். கெடு தாண்டியவர்கள் முதல் ஓட்டத்திலேயே சிக்குவார்கள்.

காரைக்குடி:

கெடு நிற்கிறது. அதோடு இன்னொரு சொல்லையும் முடித்துவிடலாம். உள்ளே இருப்பதைக் காட்டும் சுட்டியை "கடன் சுட்டி" என்று ஒரு வரைவில் பார்த்தேன். கடன் வாங்கிய பணத்தைச் செலவழித்துவிட்டு வேறு பணம் கொடுப்போம். இங்கே அது பொருந்தாது. கல்யாணத்துக்கு வாங்கிய அண்டா மாதிரி, அதே பொருள், உடைமை இன்னொருவருடையது, நாம் விற்கவும் முடியாது. "இரவல் சுட்டி" சரிதானே?

புதுவயல்:

அண்டாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தச் சுட்டியை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லையே! ஜாவாவையும் சியையும் இணைக்கும் ஜேஎன்ஐயில் சரத்தை வாங்கினால் அதற்கென்றே உள்ள ரிலீஸ் அழைப்பைச் செய்தாக வேண்டும். அதுதான் உண்மையான இரவல். நம்முடையது வெறும் பார்வை. ஒன்றில் மறந்தால் நினைவகம் ஒழுகும், மற்றதில் மறக்க ஒன்றுமே இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் படிப்பவர் இல்லாத ரிலீஸைத் தேடுவார்.

காரைக்குடி:

ஏற்றுக்கொள்கிறேன். திருப்ப வேண்டியது "இரவல்". திருப்ப வேண்டாதது "பார்வைச் சுட்டி". நாமே விடுவிக்க வேண்டியது "உடைமைச் சுட்டி". எந்தச் செயற்கூறால் என்பதும் கூடவே வர வேண்டும். விண்டோஸில் ஒரு டிஎல்எல் (தனிக் கோப்பாக வரும் லைப்ரரி) எடுத்த இடத்தை வேறு சி இயக்க நூலகத்தோடு கட்டிய நிரல் தன் ஃப்ரீ அழைப்பால் விடுவித்தால் ஹீப் குலையும். ஆகவே நம்முடைய விடுவிப்புச் செயற்கூறு பெயர் சொல்லி எழுதப்படும்.

பார்வைச் சுட்டி எல்லாம் கான்ஸ்ட் (காட்டுவதை மாற்றக் கூடாதது) ஆகவே இருக்கட்டும். தவறி ஃப்ரீயில் போட்டால் கம்பைலர் முணுமுணுக்கும். கெடுவைப் பற்றி கான்ஸ்ட் எதுவும் சொல்லாது, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

கானாடுகாத்தான்:

எதிர்த்திசையையும் சேருங்கள். நாம் லைப்ரரிக்குக் கொடுக்கும் சரத்துக்கும் கெடு உண்டு. வலைவழித் தரவு அனுப்பிப் பெறும் லிப்கர்ல் லைப்ரரி, 7.17.0 பதிப்புக்கு (2007) முன்பு, அமைப்பாகக் கொடுத்த சரங்களை நகலெடுக்காது. வேலை முடியும்வரை நாம்தான் காப்பாற்ற வேண்டும். அதற்குப் பின் நகலெடுக்கிறது, அனுப்பும் தரவைக் கொடுக்கும் போஸ்ட்ஃபீல்ட்ஸ் மட்டும் விலக்கு. அந்த ஒரு விலக்கில் தடுக்கி விழுவது எளிது. எஸ்க்யூலைட்டில் வினவலுக்கு மதிப்பு கொடுக்கும் பைண்ட் இதை அழைப்பவரிடமே கேட்டுவிடுகிறது: ஸ்டாட்டிக் என்றால் நகல் வேண்டாம், டிரான்சியண்ட் என்றால் உடனே நகல், இல்லையென்றால் விடுவிக்கும் செயற்கூறைக் கொடு. நம் செட் அழைப்புக்கும் அதே மூன்று வழி போதும்.

தேவகோட்டை:

இழைகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) விஷயம் ஒன்று. இரண்டு இழைகள் ஒரே கைப்பிடியை (கோப்பைத் திறந்ததும் லைப்ரரி தரும் அடையாளத்தை) பகிர்ந்தால், நம் கெடுவை முடிக்கும் அழைப்பை அடுத்த இழை செய்துவிடும். நமக்குத் தெரியவே தெரியாது. கெட் அழைப்புக்குள் பூட்டுப் போட்டுப் பயனில்லை. சுட்டி வெளியே வந்ததும் பூட்டு திறந்துவிடுகிறது. பகிரும் கைப்பிடிக்குப் பார்வைச் சுட்டியே தரக்கூடாது. அழைப்பவர் தரும் இடையகத்தில் நகலெடுத்து, சியின் எஸ்என்பிரிண்ட்எஃப் செயற்கூறு போலத் தேவையான நீளத்தைத் திருப்புவோம். இறுதிப் பூஜ்ய எழுத்து அந்த நீளத்தில் சேராது என்பதால், திரும்பிய எண் இடையக அளவுக்குச் சமமாக இருந்தாலும் சரம் வெட்டுப்பட்டதாகத்தான் கொள்ள வேண்டும்.

ஹெடருக்கு என் வரைவு:

> மதிப்பு கேள்: பார்வைச் சுட்டி. விடுவிக்க வேண்டாம். கெடு: இதே கைப்பிடியில் அடுத்த "சேர்", "நீக்கு", "மூடு" அழைப்புவரை. பல இழைகள் பகிரும் கைப்பிடியில் அழைக்கக் கூடாது. "மதிப்பை நகலெடு" பயன்படுத்தவும்.

புதுவயல்:

"மறுபடி படி" அழைப்பும் அட்டவணையைக் காலிசெய்கிறது, அதையும் கெடு வரியில் சேருங்கள். கெடு என்ற சொல்லுக்கு என் மறுப்பை விலக்கிக்கொள்கிறேன். முதல் முறை வருமிடத்தில் மட்டும் "கெடு (எதுவரை செல்லும்)" என்று எழுதுவோம்.