16எஸ் 99.8% பொருந்துகிறது: பேசில்லஸ் சீரியஸா, துரிஞ்சியென்சிஸா?

கேள்வி: பருத்திக்காட்டு மண் கரைசலை 80 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, வித்து உண்டாக்கும் பாக்டீரியாவை மட்டும் எடுத்தோம். ஒரு காலனியின் 16எஸ் (பாக்டீரியாவை அடையாளம் காணப் படிக்கும் ரைபோசோம் மரபணு) வரிசை பேசில்லஸ் சீரியஸ், துரிஞ்சியென்சிஸ், ஆந்த்ராசிஸ் மூன்றோடும் 99.8% பொருந்துகிறது. 16எஸ்-ஐ இன்னொருமுறை முழுநீளத்துக்குப் படித்தால் தெளிவாகுமா?

பதில் 1: ஆகாது. அந்த மரபணு மிக மெதுவாகவே மாறும். இந்த மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். போதாக்குறைக்கு, சீரியஸின் டைப் ஸ்ட்ரெய்னான (சிற்றினத்துக்கு அடையாளமாக வைத்திருக்கும் வளர்ப்பு) ஏடிசிசி 14579-இல் மட்டும் ரைபோசோம் மரபணுத் தொகுதி 13 பிரதிகள். பிரதிக்குப் பிரதி ஓரிரு எழுத்து மாறினால் சாங்கர் முறையில் வரிசை படித்த வரைபடத்தில் இரட்டை முகடு விழும். தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவதை நம்பிப் பெயர் வைக்க வேண்டாம். குறைந்த செலவில் முடிக்க பான்சி (panC) என்ற மரபணு ஒன்றைப் படியுங்கள். இந்தக் கூட்டத்தை 7 குழுக்களாகப் பிரித்துக் காட்டும்.

ஆனால் அதற்கு முன்னால் ஆட்டு இரத்த அகாரில் ஹீமோலிசிஸும் (இரத்தச் செல்கள் உடைவது), அசைவும் பாருங்கள். இரண்டுமே இல்லையென்றால் ஆந்த்ராக்ஸ் நோயை உண்டாக்கும் ஆந்த்ராசிஸாக இருக்கலாம். தட்டைத் திறக்காமல் உயிர்ப்பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.

பதில் 2: துரிஞ்சியென்சிஸ் என்று பிரித்துச் சொல்வதே செல்லில் உண்டாகும் புரதப் படிகத்தை வைத்துத்தான். அதற்கான க்ரை மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் (தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ) இருப்பவை, குரோமோசோமில் அல்ல. 16எஸ் அதைச் சொல்ல வழியே இல்லை. நியூட்ரியன்ட் அகாரில் 30 டிகிரியில் 3 முதல் 5 நாள் வளர்த்து, ஸ்மியர் போட்டு, 50% அசிட்டிக் அமிலத்தில் கரைத்த 0.133% கூமாசி நீலத்தில் 3 நிமிடம் வையுங்கள். படிகம் அடர்நீலமாகத் தெரியும். வித்துக்கு விளிம்பில் மட்டுமே சாயம் ஏறும்.

கேள்வி கேட்டவர்: ஒரு நாள் வளர்ப்பில் பார்த்தோம், படிகம் இல்லை. 42 டிகிரியில் வளர்த்தது.

பதில் 2: இரண்டுமே தவறு. வித்து உருவாகும்போதுதான் படிகம் சேரும். ஒரு நாளில் செல்கள் வெறும் குச்சிகளாகவே நிற்கும். 42 டிகிரியோ பிளாஸ்மிட்டை உதிர்க்கவே பயன்படுத்தும் வெப்பம். அந்தத் தட்டிலிருந்து எடுக்காமல், முதல் கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து தொடங்குங்கள்.

பதில் 3: முழு மரபணுத்தொகை படித்தால் ஏஎன்ஐ (இரு மரபணுத்தொகைகளின் சராசரி ஒற்றுமை விழுக்காடு) கணக்கிடலாம். முதலில் செக்எம் என்ற மென்பொருளில் கலப்படம் பாருங்கள், கலந்த வளர்ப்பு என்றால் எண்ணே பொய். ஒரே சிற்றினம் என்பதற்கு வழக்கமான ஏஎன்ஐ எல்லை 95%. இந்தக் கூட்டத்தில் மட்டும் அந்தக் கோட்டில் ஒரே ஸ்ட்ரெய்ன் இரண்டு சிற்றினங்களுக்குள் விழும். அதனால்தான் 2020-இல் எல்லையை ஏறத்தாழ 92.5%-க்கு இறக்கி, படிகத்தை 'பயோவார் துரிஞ்சியென்சிஸ்' என்று (சிற்றினப் பெயரோடு சேர்க்கும் பண்புக் குறிப்பாக) தனியாகக் குறிக்கும் முறை முன்மொழியப்பட்டது. அறிக்கையில் ஏஎன்ஐ எண், எந்த டைப் ஸ்ட்ரெய்னோடு ஒப்பிட்டது, படிகம் உண்டா இல்லையா, மூன்றையும் எழுதுங்கள்.